மடங்காத சப்பாத்து

கால் பெருவிரல் அடியில் வலி என்று சொன்னதும் மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: யூரிக் அமிலம். அன்றிலிருந்து பருப்பும் கீரையும் தக்காளியும் தட்டிலிருந்து விலகும். இரவில் கோடாலித் தைலம் தேய்ப்பார்கள். பக்கத்துக் கிளினிக்கில் வலி மாத்திரை வாங்குவார்கள். இரண்டு நாள் அடங்கிக் கிடக்கும் வலி, நடமாடத் தொடங்கியதும் திரும்பி வரும். சுங்கை சிப்புட், சிம்மோர், கோப்பெங், தாப்பா வட்டாரங்களில் பால்மரம் சீவிய தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் கடந்திருக்கிறது. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய பின்பு அவர்களில் பலர் ஈப்போவின் புந்தோங், சிலிபின் போன்ற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் பேரப்பிள்ளையின் பள்ளிக்கும் தங்கள் காலிலேயே போய்வர வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அந்த நடையைக் காப்பாற்றுவதற்காகவே இந்த அத்தியாயம் ஒரு கருத்தை முன்வைக்கிறது. பெருவிரல் மூட்டுத் தேய்மானத்தின் வலியைத் தணிக்க முதலில் மாற்ற வேண்டியது காலணியின் அடிப்பாகம். அது மடங்காததாக இருக்க வேண்டும். மாத்திரைக்கு இரண்டாம் இடம்தான்.

முதலில் மூட்டின் வேலையைப் பார்ப்போம். பாதத்தின் முன்பகுதியில் உள்ள ஐந்து நீண்ட எலும்புகளில் தடித்தது முதலாவது. அது பெருவிரலைச் சந்திக்கும் இடமே இந்த மூட்டு. வெறுமனே நிற்கும்போது இதற்கு அதிக வேலை இல்லை. அடி எடுத்து வைக்கும் கடைசிக் கட்டத்தில், குதிகால் தரையை விட்டு எழும்பி உடல் முன்னே போகும் நேரத்தில்தான் இதன் உழைப்பு தொடங்குகிறது. பெருவிரல் தரையில் பதிந்திருக்க, அதன்மேல் பாதம் உருண்டு எழும்புகிறது. சமதரை நடைக்கே இந்த மூட்டு சுமார் 40 பாகை மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். அந்தக் கணத்தில் அதன்மேல் விழும் விசை உடல் எடையை நெருங்குகிறது. மேட்டில் ஏறும்போதும் குந்தி உட்காரும்போதும் மடிப்பு இன்னும் கூடும். பால்மரம் சீவுபவரை நினைத்துப் பாருங்கள். புதுப்பட்டையில் வெட்டு சுமார் 150 செண்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, சீவச் சீவக் கீழே இறங்கிவரும். வெட்டு அடிமரத்தை நெருங்கிவிட்டால் குனிந்தோ குந்தியோதான் சீவ முடியும். குதிகாலைத் தூக்கிக்கொண்டு குந்தினால் பெருவிரல் மூட்டு தன் எல்லைவரை மடங்கும். ஒருவருக்கு 500, 600 மரங்கள் கொண்ட நிரை என்றால், விடியலுக்கு முன் தொடங்கும் அந்த வேலையில் மூட்டு எத்தனை முறை மடங்கியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தேய்மானம் தொடங்கும்போது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மெலிகிறது. உடல் அதற்கு ஈடுசெய்ய முயன்று மூட்டின் விளிம்பில் புது எலும்பை வளர்க்கிறது. பெரும்பாலும் அது மூட்டின் மேற்புறத்தில்தான் முளைக்கும். தொட்டால் கல்லைப் போலிருக்கும் அந்த முளை, கதவுக்கு அடியில் செருகிய ஆப்பைப்போல விரலை மேலே மடங்கவிடாமல் தடுக்கிறது. நடையோ மடங்கச் சொல்கிறது. இந்த இழுபறியில்தான் வலி பிறக்கிறது: எலும்பு முளை மோதுகிறது, மூட்டின் உள்ளுறை அழற்சி கொள்கிறது, மேலே உரசும் சப்பாத்துத் தோல் அதைக் கூட்டுகிறது. 1887ஆம் ஆண்டிலேயே லண்டன் அறுவை மருத்துவர் டேவிஸ்-கோலி இந்த விறைத்த பெருவிரலை மருத்துவ உலகுக்கு விவரித்துவிட்டார். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில் 50 வயது கடந்தவர்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், 100 பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு இந்த மூட்டில் வலியும் தேய்மானமும் சேர்ந்தே இருந்தன. பாதத்தின் மற்ற எந்த மூட்டிலும் தேய்மானம் இவ்வளவு பரவலாக இல்லை. இத்தனை பேருக்கு வருவதை அபூர்வ நோயாகவோ, வயதானால் இப்படித்தான் என்றோ தள்ளிவைப்பது சரியாகாது.

அப்படியானால் யூரிக் அமிலம் எங்கே வருகிறது? அது கற்பனையன்று. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் எனப்படும் நோயும் பெரும்பாலும் இதே மூட்டைத்தான் முதலில் தேடி வருகிறது. அதனால்தான் குழப்பம். ஆனால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. கவுட் திடீரென்று, பல நேரம் நள்ளிரவில் தாக்கும். ஒரே நாளுக்குள் உச்சத்தைத் தொடும். மூட்டு சிவந்து, சுட்டு, பளபளவென்று வீங்கும். போர்வை நுனி பட்டாலும் தாங்க முடியாது. சிகிச்சை இல்லாவிட்டால்கூட ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கி, இடைப்பட்ட காலத்தில் கால் பழையபடி ஆகிவிடும். தேய்மானம் மாதக்கணக்கில் மெல்ல வளரும். படுத்திருந்தால் வலி குறையும், நடந்தால் கூடும், மேட்டிலும் குந்தும்போதும் மிகும். விரலைக் கையால் மெல்ல மேல்நோக்கித் தள்ளினால் ஒரு கட்டத்தில் முட்டி நிற்கும், அங்கேதான் சுருக்கென்று வலிக்கும். மூட்டின் மேல் எலும்பு முளை கைக்குத் தட்டுப்படும். ரத்தப் பரிசோதனை மட்டும் இந்த வழக்கைத் தீர்த்துவைக்காது. யூரிக் அமிலம் கூடுதலாக இருந்தும் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கவுட் வராதவர்கள் ஏராளம். கவுட் தாக்கும் வேளையிலேயே அளவு சாதாரணமாகத் தெரிவதும் உண்டு. வலியின் வரலாறும் விரலைத் தொட்டுப் பார்ப்பதும் நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயும் சேர்ந்தால்தான் உண்மை தெளிவாகும்.

பெயர் மாறினால் என்ன, வலி ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. தவறான பெயருக்கு இருவகையில் விலை கொடுக்கிறோம். தேய்மானம் உள்ளவர் தேவையில்லாத பத்தியம் காக்கிறார். சைவ உணவையே நம்பியிருக்கும் ஒரு மூதாட்டி பருப்பை விட்டால் அவர் இழப்பது புரதத்தை, அதனால் தசை வலுவை. இத்தனைக்கும் கவுட் நோய்க்கே பருப்பும் கீரையும் காரணமென்று சொல்ல ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுந்தவர்களுக்குத்தான் கவுட் கூடுதலாக வந்தது. உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்த காய்கறிகள் அந்த அபாயத்தைக் கூட்டவில்லை. மறுபுறம், உண்மையில் கவுட் உள்ளவரும் பத்தியத்தை மட்டும் நம்பி ஏமாறுகிறார். அவருக்கு வேண்டியது யூரிக் அமிலத்தைத் தொடர்ந்து குறைக்கும் மருந்து. மலேசியச் சுகாதார அமைச்சின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி ரத்தத்தில் யூரிக் அமில அளவை லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது. சிலருக்கு இரண்டு நோயும் ஒரே மூட்டில் குடியிருக்கும், ஏனெனில் தேய்ந்த மூட்டில் யூரேட் படிகங்கள் எளிதில் படிகின்றன. அவர்களுக்கு இரண்டு சிகிச்சையும் வேண்டும். கவுட் மருந்து ஒழுங்காக எடுத்தும் நடக்கும்போது மட்டும் வலி நீடித்தால், தேய்மானத்தைச் சந்தேகிப்பதே சரி.

இனி காலணிக்கு வருவோம். மூட்டு மடங்கும்போதுதான் வலி என்றால், மடங்காமலே நடக்க வழிசெய்வதுதான் நேரடியான நிவாரணம். அதைச் சாதிக்கும் எளிய கருவி, விரல்கள் தொடங்கும் இடத்தில் மடியாத அடிப்பாகம். நம் வட்டாரத்துக் காலணிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் சிக்கல் புலப்படும். தோட்டங்களில் புகழ்பெற்றது ‘கம்போங் அடிடாஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. ஒரே அச்சில் வார்த்த உடல், அடியில் பல்பல்லாகக் குமிழ்கள், சேற்றிலும் வழுக்காத பிடிப்பு, அலசினால் உடனே காயும் வசதி. ஆனால் அதைக் கையில் எடுத்து முனையைக் குதிகாலை நோக்கி மடக்கினால் சற்றும் எதிர்க்காமல் இரண்டாக மடிந்துவிடும். வீட்டில் போடும் ஜப்பான் சிலிப்பர் இன்னும் மோசம். அதன் வார் நழுவாதிருக்கப் பெருவிரல் ஒவ்வோர் அடியிலும் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 1877இல் கோல கங்சாரில் ரப்பர் மரம் நடப்பட்ட காலந்தொட்டு உலகம் ரப்பரை விரும்பியதற்கு அது வளைந்துகொடுப்பது ஒரு முக்கியக் காரணம். தேய்ந்த பெருவிரல் மூட்டுக்குத் தேவையானது அதற்கு நேர்மாறான குணம். கடையில் சோதிக்கும் முறை எளிது: ஒரு கையில் குதிப்பகுதியையும் மறுகையில் முனையையும் பிடித்து மடக்க வேண்டும். விரல்கள் தொடங்கும் இடத்தில் எதிர்ப்பில்லாமல் மடிந்தால் அந்தச் சப்பாத்து வேண்டாம். விறைப்பாக நின்று, முன்முனை தரையிலிருந்து சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் நல்லது, ஏனெனில் விரல் மடங்காமலே பாதம் அதன்மேல் உருண்டு போகும். முன்பகுதி அகலமாகவும், எலும்பு முளைமேல் தோல் அழுந்தாத அளவுக்கு உயரமாகவும், குதி தாழ்வாகவும் இருக்க வேண்டும்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இந்த மூட்டுத் தேய்மானம் உள்ள 102 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அடிப்பாகம் வளைவாக உருளும் சப்பாத்தும், மறுபகுதியினருக்குச் சப்பாத்துக்குள் வைக்கும் தாங்கு அட்டையும் கொடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, 12 வாரத்தில் இரு பகுதியினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. உள்ளே வைக்கும் அட்டையைத்தான் மக்கள் விடாமல் பயன்படுத்தினார்கள், தொல்லையும் அதில் குறைவு. அந்தச் சோதனையில் சிகிச்சை பெறாத பிரிவு இல்லை என்பதால் ஒரு கேள்வி எஞ்சியது: தானாகவே குறையும் வலியா, நம்பிக்கையால் குறைந்ததா? அதற்கு 2021இல் வெளியான அடுத்த சோதனை பதில் சொன்னது. 100 பேரில் ஒரு பாதியினருக்குக் கார்பன் இழையால் செய்த விறைப்பான தகடு, மறுபாதியினருக்கு விறைப்பில்லாத போலித் தகடு. 12 வாரம் கழித்து விறைப்பான தகடு வைத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. வித்தியாசம் மலையளவு இல்லைதான். ஆனால் வயிற்றையோ சிறுநீரகத்தையோ தொடாத ஒரு சிகிச்சை, போலியோடு ஒப்பிட்டும் வென்றிருக்கிறது என்பது சிறிய சேதியன்று. இதே மூட்டுக்குள் ஹயலூரோனிக் அமிலம் ஊசி போட்டு 151 பேரிடம் நடத்திய சோதனை 2011இல் வெளியானது. மூன்று மாதத்தில் அந்த ஊசி வலியைத் தணிப்பதில் வெறும் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. பணத்தை எங்கே செலவிடுவது என்பதற்கு இந்த ஒப்பீடு வழிகாட்டும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அசைக்காத மூட்டு விறைத்துவிடும், ஓடுகிற நீர்தான் தேங்காது என்று மருத்துவர்களே சொல்கிறார்களே, பெருவிரலைக் கட்டிப்போடலாமா? முழங்காலுக்கும் இடுப்புக்கும் அந்த அறிவுரை முற்றிலும் பொருந்தும். அங்கே வலுவான தசைகள் மூட்டைச் சுற்றி நின்று சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெருவிரலின் மேற்புறத்தில் எலும்பு எலும்போடு மோதும்போது, முழு உடல் எடையோடு அதை மேலும் மடக்குவது பயிற்சியாகாது. இதற்கு மிக வலுவான சான்று அறுவை சிகிச்சையில் இருக்கிறது. மற்ற வழிகளெல்லாம் தோற்றபின் மருத்துவர்கள் செய்வது, மூட்டின் இரு எலும்புகளையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவது. எடின்பரோவில் 63 நோயாளிகளை வைத்து, பிணைப்பதையும் செயற்கை மூட்டு பொருத்துவதையும் ஒப்பிட்டு 2005இல் வெளியான சோதனையில், அசைவைக் காப்பாற்றிய செயற்கை மூட்டைவிட அசைவையே நீக்கிய பிணைப்புதான் வலியை நன்றாகத் தணித்தது. செயற்கை மூட்டுகளில் சில கழன்றுபோய் அகற்றவும் நேர்ந்தது. நிரந்தரமாக அசைவை நிறுத்தினால் வலி போகிறது, மனிதர்களும் நன்றாகவே நடக்கிறார்கள். அப்படியிருக்க, நடக்கும் நேரத்துக்கு மட்டும் அசைவைக் குறைக்கும் சப்பாத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. எடை தாங்காத நேரத்தில், உட்கார்ந்தபடி, வலிக்காத எல்லைக்குள் விரலை மெல்ல அசைத்துக்கொள்வதற்கும் தடையில்லை.

இன்னொரு மறுப்பு உழைப்பின் வரலாற்றிலிருந்து வருகிறது. வெறுங்காலோடும் தோட்டத்துச் சப்பாத்தோடும் உழைத்துத் தேய்ந்த கால் இது, இனி எந்தச் செருப்புப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். அவர்கள் உழைப்பின் சுமையை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் நோயின் காரணமும் வலியின் நிவாரணமும் தனித்தனிக் கேள்விகள். அமெரிக்க அறுவை மருத்துவர்களான காஃப்லினும் ஷர்னஸும் இந்நோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்து 2003இல் எழுதியபோது, தொழிலோடும் காலணியோடும் நோய்க்குத் தெளிவான தொடர்பு தெரியவில்லை. குடும்ப வரலாறு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு காலிலும், அடிபட்ட வரலாறு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வந்திருந்தது. தோட்டத்துக்கே போகாத பிள்ளைகளுக்கும் இது வரலாம் என்பது இதன் பொருள். பழைய காரணம் எதுவாகவும் இருக்கட்டும், இன்றைய வலியைக் கிளப்புவது இன்றைய மடிப்புதான். அதை இன்றே குறைக்கலாம், எழுபது வயதிலும் குறைக்கலாம்.

மாத்திரை போட்டால் உடனே கேட்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. கேட்கிறது, உண்மைதான். கடும் வலியில் சில நாள், மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தேய்மானம் ஆண்டுக்கணக்கில் உடன்வரும் நோய். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் நாள்பட்டால் இரைப்பையில் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைச் சோர்வடையச் செய்யும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் வயதுவந்தோரில் 18.3 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். ஏற்கெனவே நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்திருப்பவருக்கு இந்த மாத்திரைகளைத் தினமும் கொடுப்பது கால் வலிக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும். வலியுள்ள இடத்தில் மேலே பூசும் டைக்ளோஃபினாக் களிம்பு உடலுக்குள் குறைவாகவே போகும் என்பதால் பலருக்கு அது பாதுகாப்பானது. பெயர் தெரியாத மூட்டுவலி ஜாமு, மாஜுன் போன்ற நாட்டு மருந்து வகைகளை மட்டும் நெருங்கவே கூடாது. அவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி மாயமாக மறையும். கூடவே முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு நலியும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும்.

வாழ்க்கை முறையிலிருந்து எழும் மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. நம் வீட்டுக்குள் சப்பாத்துப் போட மாட்டோம், கோயிலில் போட முடியாது, தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில்வரை வெறுங்காலில்தான் நடப்போம். இவற்றைக் கைவிடச் சொல்வது மருத்துவமாகாது. ஆனால் நாளின் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் கழிகிறது என்பதால், தடித்த விறைப்பான அடியும் பின்வாரும் உள்ள ஒரு ஜோடிச் செருப்பை வீட்டுக்கென்றே ஒதுக்கி வைப்பது நல்ல பயனைத் தரும். துணி துவைக்கவும் காய் நறுக்கவும் குந்துவதற்குப் பதில் முக்காலியில் உட்காரலாம். தரையிலிருந்து எழும்போது நல்ல காலை முன்னே ஊன்றி, வலிக்கும் காலின் விரல்மேல் எடை விழாமல் எழலாம். பெண்கள் மண்டியிட்டு வணங்கும்போது விரல்கள் பின்னுக்கு மடங்கி உடல் எடை முழுதும் அங்கே இறங்குகிறது. பாதத்தின் மேற்புறம் தரையில் படும்படி நீட்டிவிட்டால் மடிப்பே இல்லை, வணக்கத்துக்கும் குறைவில்லை. வெறுங்கால் நடை தவிர்க்க முடியாத நாளில், பெருவிரல் மேலே போகாதபடி அடிப்பாதத்தோடு சேர்த்து ஒட்டும் பட்டையை ஓர் உடலியக்கச் சிகிச்சையாளரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் ஒரு கட்டாய எச்சரிக்கை உண்டு. பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு விறைத்த பெருவிரலே ஆபத்துதான். மடங்காத விரலின் அடித்தோலில் அழுத்தம் குவிந்து புண் உண்டாகும். அவர்களுக்குச் சரியான காலணி மிகவும் தேவை. ஆனால் கடினமான தகட்டை இறுக்கமான சப்பாத்துக்குள் தாமாகவே திணித்துவிட்டால் அதுவே புண்ணாக்கும், புண்ணானது தெரியவும் தெரியாது. மருத்துவரோ பாதச் சிகிச்சையாளரோ பார்த்துப் பொருத்தியபின், தினமும் இரவில் பாதத்தைப் பார்த்துச் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும், புண்ணுள்ள பாதம் சிவந்து சுட்டாலும், மரத்த பாதம் வலியே இல்லாமல் வீங்கினாலும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவற்றைத் தவிர்த்த சாதாரணத் தேய்மானத்தில், சில மாதம் சரியான சப்பாத்தோடு நடந்தும் வலி வாழ்க்கையை முடக்கினால்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். தொடக்க நிலையில் எலும்பு முளையை மட்டும் செதுக்கி எடுக்கலாம், முற்றிய நிலையில் மூட்டைப் பிணைக்கலாம். ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் எலும்பியல் பிரிவு இருக்கிறது.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் மாற வேண்டியது இரண்டு பழக்கங்கள். ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பார்க்கும் அரசு கிளினிக்குகளில் பெருவிரல் வலியென்று வருபவரிடம் யூரிக் அமிலத்தைச் சோதிப்பதோடு, அவர் போட்டுவந்த செருப்பைக் கழற்றி மடக்கிப் பார்ப்பதும் பரிசோதனையின் பகுதியாக வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும், கருவி ஏதும் வேண்டாம். அடுத்தது குடும்பங்கள் செய்ய வேண்டியது. அம்மா அப்பாவுக்குத் தீபாவளிக்குச் சப்பாத்து வாங்கும் பிள்ளைகள், கையில் எடுத்ததும் பஞ்சுபோல் மடியும் ஒன்றையே அன்போடு தேர்ந்தெடுக்கிறார்கள். மென்மை என்றால் சுகம் என்று எல்லாரும் நம்பியிருக்கிறோம். குதிகாலுக்கு அது சரியாக இருக்கலாம். பெருவிரல் மூட்டு தேய்ந்தவருக்கு மெத்தை உள்ளே இருக்கட்டும், அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது வலிக்கும் காலுக்குரியவரையும் கூட அழைத்துப்போங்கள். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் வேளையில் போங்கள். வாங்குவதற்கு முன் மடக்கிப் பாருங்கள்.